குடும்பத்தில் பக்கவாதம்: விசாரிப்பதில் நாம் செய்யும் தவறுகள்

"குடும்பத்தில் யாருக்காவது பக்கவாதமோ இதய நோயோ இருந்திருக்கிறதா?" என்று டாக்டர் கேட்டால், பலரும் கொஞ்சம் யோசித்துவிட்டு "அப்படி யாருக்கும் இல்லை" என்று சொல்லிவிடுகிறோம். யாரும் பொய் சொல்வதில்லை. வீட்டில் விசாரித்ததே இல்லை, அவ்வளவுதான். ஆனால் எந்தப் பரிசோதனையை எந்த வயதில் தொடங்குவது என்பதே அந்தப் பதிலைப் பொறுத்து மாறலாம்.

பெரும்பாலும் விட்டுப்போவது வயது. தாத்தாவுக்கு 82 வயதில் பக்கவாதம் வந்ததும், அப்பாவுக்கு 48 வயதில் வந்ததும் ஒன்றல்ல. பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் ஆகிய நெருங்கிய ரத்த உறவில், ஆண்களுக்கு 55 வயதுக்கு முன்போ பெண்களுக்கு 65 வயதுக்கு முன்போ மாரடைப்பு மாதிரியான நோய் வந்திருந்தால் டாக்டர்கள் அதைத் தனியாகக் குறித்துக்கொள்வார்கள். அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாமில் 1948 முதல் தலைமுறை தலைமுறையாக ஓர் ஆய்வு நடக்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு 65 வயதுக்குள் பக்கவாதம் வந்திருந்தால், பிள்ளைகளுக்கு அது வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்காவதை 2010இல் வெளியான அதன் முடிவு காட்டியது.

வயது யாருக்கும் நினைவில்லையே என்றால், இப்படிக் கேட்டுப் பாருங்கள். "தாத்தா எப்படிம்மா இறந்தார்?" "நெஞ்சு வலிக்குதுன்னு உட்கார்ந்தார், அப்படியே போயிட்டார்." "அப்போ அவருக்கு என்ன வயசு?" "அதெல்லாம் தெரியலையே. என் கல்யாணத்துக்கு மறுவருஷம்." இது போதும். கல்யாண வருஷத்தை வைத்து வயதைக் கணக்குப் போட்டுவிடலாம்.

"பக்கவாதம்" என்று மட்டும் கேட்பதும் தவறுதான். ரத்தக்குழாய் நோய் மூளையோடு நிற்பதில்லை. மாரடைப்பு, தூக்கத்திலேயே நேர்ந்த மரணம், ரத்த ஓட்டம் நின்று காலை எடுக்க வேண்டி வந்தது, வயிற்றில் மகாதமனி என்ற பெரிய ரத்தக்குழாய் வீங்கி வெடித்தது எல்லாமே இந்தக் கணக்கில் வரும். அப்பா வழியை மட்டும் விசாரித்துவிட்டு அம்மா வழியை மறந்துவிடாதீர்கள். வந்தது ரத்தக்குழாய் அடைப்பா, ரத்தக்கசிவா என்றும் கேளுங்கள். நெருங்கிய உறவில் இரண்டு பேருக்கு மூளை ரத்தக்குழாய் பலூன் போல வீங்கியோ வெடித்தோ இருந்தால், மற்றவர்கள் ஸ்கேன் செய்து பார்ப்பது பற்றி டாக்டரிடம் பேச வேண்டும்.

கொலஸ்ட்ரால் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒல்லியாக இருப்பவர்கள், உணவில் கட்டுப்பாடாக இருப்பவர்கள் பலர் "எனக்கு எதற்கு டெஸ்ட்?" என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் பரம்பரையாக வரும் அதிகக் கொலஸ்ட்ரால் என்று ஒன்று உண்டு. ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு. பெரியவர்களுக்கு எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் (டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்) 190ஐத் தொட்டாலோ தாண்டினாலோ இந்தச் சந்தேகம் வர வேண்டும். இதை உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் சமாளிக்க முடியாது, மாத்திரை தேவைப்படும். வீட்டில் ஒருவருக்கு உறுதியானால் பிள்ளைகளுக்கும் சின்ன வயதிலேயே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் ஒருவகைத் துகளை அளக்கும் லிப்போபுரோட்டீன் ஏ என்ற பரிசோதனையும் இருக்கிறது. அதன் அளவைப் பெரும்பாலும் மரபணுவே தீர்மானிப்பதால், பொதுவாக வாழ்நாளில் ஒருமுறை பார்த்தாலே போதும்.

சரி, எல்லாம் பரம்பரை என்றால் நம் கையில் என்ன இருக்கிறது என்று கைவிட்டுவிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. பிரிட்டனில் சுமார் மூன்று லட்சம் பேரை வைத்து நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. மரபணு ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்குப் பக்கவாத வாய்ப்பு, ஆபத்து குறைந்தவர்களைவிட 35 சதவீதம் கூடுதல். புகை, உடல் எடை, உணவு, உடற்பயிற்சி ஆகிய நான்கில் பெரும்பாலானவை மோசமாக இருந்தவர்களுக்கோ, நல்ல பழக்கம் உள்ளவர்களைவிட 66 சதவீதம் கூடுதல். மரபணு எப்படி இருந்தாலும் பழக்கவழக்கத்தின் பங்கு குறையவில்லை. "எங்கள் பரம்பரையில் யாருக்கும் இல்லை" என்று தெம்பாக இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். பக்கவாதத்துக்கு முதல் காரணமான ரத்தக்கொதிப்பு பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

அப்பாவுக்கு 48இல் வந்ததால் நாமும் 45க்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். ரத்த அழுத்தத்தையும் கொலஸ்ட்ராலையும் இருபதுகளிலேயே பார்க்கத் தொடங்கலாம். அதேபோல, அப்பா சாப்பிடுகிறார் என்று நீங்களாக ஆஸ்பிரின் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே மாரடைப்போ அடைப்பால் வந்த பக்கவாதமோ வந்தவருக்கு அது பாதுகாப்பு. எதுவும் வராதவருக்கு வயிற்றிலோ மூளையிலோ ரத்தக்கசிவை உண்டாக்கலாம்.

அப்புறம், உங்களுக்கே ஏதாவது கண்டுபிடிக்கப்பட்டால் வீட்டில் மறைக்காதீர்கள். எதற்கு வீணாகப் பயமுறுத்த வேண்டும் என்ற அன்பில்தான் பலர் மறைக்கிறார்கள். ஆனால் உங்கள் தம்பி அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, "அண்ணனுக்கு 44 வயதில் அடைப்பு இருந்தது" என்று அவர் சொன்னால்தான் அந்த டாக்டருக்குத் தெரியும்.