கிக்ஸ்டார்ட்டில் மூன்று நெட்வொர்க் கார்டுகள்

நிறுவி கேட்கும் கேள்விகளுக்கான விடைகளை முன்கூட்டியே எழுதிவைக்கும் கோப்புதான் கிக்ஸ்டார்ட். ஒரே கார்டு உள்ள சர்வரை அதை வைத்துத் தானியங்கியாக நிறுவுவது எளிது. கார்டு இரண்டு, மூன்று ஆகும்போதுதான் கவனம் வேண்டும். ராக்கி லினக்ஸ் 9-ஐ பிஎக்ஸ்இ (நெட்வொர்க் மூலம் பூட் செய்யும் முறை) வழியாக ஏற்றும் ஒரு சர்வரை வைத்தே சொல்கிறேன். முதல் கார்டு நிர்வாகத்துக்கு, 10.10.1.0/24. இரண்டாவது வெளி இணைப்புக்கு. மூன்றாவது ஸ்டோரேஜுக்கு, 10.10.30.0/24.

கிக்ஸ்டார்ட் கோப்பைத் திறக்கும் முன் மூன்று கார்டுகளின் மேக் முகவரிகளையும் (ஒவ்வொரு கார்டுக்கும் உரிய வன்பொருள் எண்), எது எந்த ஸ்விட்ச் போர்ட்டில் செருகியிருக்கிறது என்பதையும் எழுதி வையுங்கள். கார்டின் பெயரை நான் நம்புவதில்லை. 2013-இல் சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் மென்பொருள்) 197 வந்ததிலிருந்து, கார்டு உட்கார்ந்திருக்கும் இடத்தை வைத்துப் பெயர் அமைகிறது. பழைய ஈடிஎச்0, ஈடிஎச்1 முறையைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் புதிதாக ஒரு பிசிஐ கார்டைச் செருகினால் பஸ் எண் நகர்ந்து பெயரும் மாறிவிடலாம். மேக் அப்படி மாறாது.

அடுத்து, நிறுவி எந்தக் கார்டு வழியாகக் கிளம்பியதோ அதே கார்டிலேயே தொடர வேண்டும். பூட்லோடர் பிஎக்ஸ்இலினக்ஸ் என்றால் மெனுவில் 'ஐபிஅப்பெண்ட் 2' போதும். கர்னல் வரியில், கிளம்பிய கார்டின் மேக்கைச் சொல்லும் 'பூட்இஃப்' தானாகச் சேர்ந்துவிடும். யுஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலாக வந்த ஃபர்ம்வேர்) சர்வரில் க்ரப் பூட்லோடர் இதைச் செய்யாது. 'பூட்இஃப்'-ஐ நீங்களேதான் சேர்க்க வேண்டும். இது விட்டுப்போனால் நிறுவி வேறு கார்டில் டிஹெச்சிபி (ஐபி முகவரியைத் தானாகத் தரும் சேவை) தேடிக்கொண்டு நிற்கும்.

சரி, கிக்ஸ்டார்ட் கோப்புக்கு வருவோம். கார்டுக்கு ஒன்றாக மூன்று 'நெட்வொர்க்' வரிகள். ஒவ்வொன்றிலும் 'டிவைஸ்' இடத்தில் மேக் முகவரியைக் கொடுங்கள். ஆனால் அது மட்டும் போதாது. நிறுவி முடித்ததும் அமைப்பு கார்டின் பெயரோடுதான் கட்டப்பட்டிருக்கும். 'பைண்ட்டு' விருப்பத்துக்கு 'மேக்' என்று மதிப்புக் கொடுத்தால்தான் அது மேக்கோடு ஒட்டும். பலர் விட்டுவிடும் இடம் இதுதான். மதர்போர்டை மாற்றினால் அதிலேயே உள்ள கார்டுகளின் மேக் மாறி, திருத்த வேண்டிவரும். அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். டெம்ப்ளேட்டிலிருந்து குளோன் செய்யும் மெய்நிகர் சர்வர்களுக்கு மட்டும் இதைப் பயன்படுத்தாதீர்கள், ஒவ்வொரு குளோனுக்கும் மேக் வேறாக இருக்கும்.

கேட்வே விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை: ஒரு சர்வருக்கு ஒரே இயல்புநிலை கேட்வே (வேறு வழி தெரியாத முகவரிகளுக்கான வாசல்). இங்கே அது வெளி இணைப்புக்கு. நிர்வாகம், ஸ்டோரேஜ் இரண்டு வரிகளிலும், அந்தக் கார்டில் இயல்புநிலை கேட்வே வேண்டாம் என்று சொல்லும் 'நோடெஃப்ரூட்' சேருங்கள். நிர்வாகக் கார்டு டிஹெச்சிபியில் இருந்தால் இது கட்டாயம், ஏனென்றால் அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு கேட்வே வந்து சேரும். அப்புறம் ஒரு பக்கம் வந்த கோரிக்கைக்கு மறுபக்கம் பதில் போகும், நடுவிலிருக்கும் ஃபயர்வால் அதைத் தூக்கியெறியும். பொதிகளின் ரெப்போ சர்வர் 10.10.1 வலைக்கு வெளியே இருந்தால், நிறுவும்போது அதை எட்டும் வழியையும் யோசித்து வையுங்கள்.

ஸ்டோரேஜ் வரியில் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, பைட்டில்) 9000 வைப்பதானால் ஸ்விட்ச்சிலும் எதிர்முனையிலும் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதியில் பொருந்தாத எம்டியுவில் சாதாரண பிங் ஓடும், பெரிய கோப்பு மட்டும் நின்றுபோகும்.

உபுண்டு என்றால் அதன் தானியங்கி நிறுவல் கோப்பான ஆட்டோஇன்ஸ்டாலில், நெட்வொர்க் அமைப்பை நெட்பிளான் வடிவில் எழுதுவீர்கள். அங்கேயும் 'மேட்ச்' பகுதியில் மேக்தான். கேபிள் செருகாத கார்டுக்கு 'ஆப்ஷனல்' போடாவிட்டால் பூட் இரண்டு நிமிடம் வரை காத்து நிற்கும்.

சர்வர் எழுந்ததும் ரூட் அட்டவணையைப் பாருங்கள். 'டிஃபால்ட்' என்று தொடங்கும் வரி ஒன்றுதான் இருக்க வேண்டும். பிறகு ஒரு முறை ரீபூட் செய்து, அதே அட்டவணையை மறுபடி பாருங்கள்.