சொரியாசிஸுக்கு மாத்திரை சாப்பிடும்போது ரத்த ரிப்போர்ட்டை எப்படிப் பார்ப்பது

போன வருஷம் ராணிப்பேட்டையில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன், சி.ஆர்.பி. (உடம்பில் அழற்சி, அதாவது உள்ளே வீக்கம், இருக்கிறதா என்று காட்டும் எண்) 0.8. இரண்டு மாதம் கழித்து காட்பாடியில் வேறொரு லேபில் கொடுத்தால் 8. பத்து மடங்கு ஏறிவிட்டதே, மாத்திரை வேலையே செய்யவில்லையோ என்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. காலையில் தங்கச்சிதான் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணா, அது டெசிலிட்டர் கணக்கு, இது லிட்டர் கணக்கு, ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். அதனால் முதல் விஷயம், எப்போதும் ஒரே லேபில் கொடுங்கள், எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அளவையும் படியுங்கள்.

சொரியாசிஸ் ஏறுகிறதா இறங்குகிறதா என்று நேராகச் சொல்லும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. தோலையும் மூட்டையும் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார், ரத்தம் அதற்குத் துணை மட்டும். ஆனால் சிகிச்சை தொடங்கும் முன்பே சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். (இதுவும் அழற்சியைக் காட்டுவதுதான்), ரத்த அணுக்கள், கல்லீரல், கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு) எல்லாம் ஒரு தடவை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவதை ஒப்பிட அதுதான் கைகொடுக்கும்.

அணுக்கள் ரிப்போர்ட்டிலேயே இன்னொரு கணக்கு இருக்கிறது. நியூட்ரோஃபில் சதவீதத்தை லிம்ஃபோசைட் சதவீதத்தால் வகுங்கள், இரண்டும் வெள்ளை அணு வகைகள். 66-ம் 22-ம் இருந்தால் 3. உடம்பில் அழற்சி கூடும்போது இது ஏறும், அடங்கும்போது இறங்கும். ஊரார் எண்ணோடு ஒப்பிடாதீர்கள், உங்கள் பழைய எண்ணோடு மட்டும் பாருங்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதுவே இதை ஏற்றிவிடும்.

சி.ஆர்.பி. ரொம்பச் சீக்கிரம் ஏமாற்றும். மழைக்காலத்துக் காய்ச்சல், சொத்தைப் பல்லில் சீழ், நீர்க்கடுப்பு, எதுவானாலும் எகிறும். ஈ.எஸ்.ஆர். ரத்தசோகையிலும் கர்ப்பத்திலும் ஏறும். அவசரமில்லை என்றால் காய்ச்சல் விட்டு இரண்டு வாரம் கழித்து இந்த இரண்டையும் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மறுபக்கமும் உண்டு: மூட்டு பாதித்திருந்தும் சி.ஆர்.பி. நார்மலாக வரலாம். காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் மூட்டு விறைப்பு, ஒரு விரல் முழுக்க வீக்கம், இது இருந்தால் ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள்.

மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனியுங்கள், கல்லீரல் ரிப்போர்ட்டில் வரும் எஸ்.ஜி.பி.டி. ஏறினால் சொரியாசிஸ் கூடிவிட்டது என்று அர்த்தமில்லை, அது மருந்து கல்லீரலைத் தொடுகிறதா என்று பார்க்க. டாக்டர் சொன்ன தேதியில் இதையும் அணுக்களையும் தள்ளிப்போடாமல் எடுங்கள். இந்த மாத்திரை சொரியாசிஸுக்கு வாரத்தில் ஒரு நாள்தான், தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. வாயில் புண், காய்ச்சல், மூச்சுத்திணறல் வந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

அப்புறம் ஒரு நோட்டு. ரத்தம் கொடுக்கிற அன்றே தோலையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் எண் மட்டும் தனியாக நிற்கும். விரல்களோடு சேர்த்து உங்கள் உள்ளங்கை உடம்பில் சுமார் 1 சதவீதம், அதை வைத்துப் படையை அளக்கலாம். என் நோட்டில் ஒரு வரி: "உள்ளங்கை 6, அரிப்பு பத்துக்கு 4, சி.ஆர்.பி. 8, காய்ச்சல் இல்லை, ஒரு வாரம் மாத்திரை விட்டுப்போச்சு." ஓ.பி.யில் கூட்டம் எவ்வளவு இருந்தாலும் டாக்டர் அந்தக் கடைசி விஷயத்தைப் பார்த்துவிட்டுத்தான் மருந்தைப் பற்றியே பேசினார்.