பயறு, உழுந்துக்கு யூரியா இட முன் வேரைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துச் செம்மண்ணில் பயறு, உழுந்து, கௌபி, கச்சான் முதலியவற்றை விதைத்தவர்கள் நைதரசன் உரமான யூரியாவை வாங்கச் செல்லுமுன், விதைத்து நான்கைந்து கிழமையான ஓரிரு செடிகளை மண்வெட்டியால் மண்ணோடு கெல்லியெடுத்து, வேரைத் தண்ணீரில் மெதுவாக அலசிப் பார்ப்பது நல்லது. பிடுங்கினால் வேரிலுள்ள முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும்.

வேரிலுள்ள சிறு முடிச்சுகளுள் றைசோபியம் என்னும் பற்றீரியா வாழ்கிறது. செடி கொடுக்கும் சீனிச்சத்தை உண்டு, காற்றிலுள்ள நைதரசனைச் செடிக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தருகிறது. முடிச்சொன்றை நகத்தால் கீறும்போது உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது என்று கொள்ளலாம். நம் இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினை ஒத்த ஒரு புரதமே அந்நிறத்தைத் தருகிறது. வெண்மையானவை பெரும்பாலும் முதிராதவை அல்லது பயனற்றவை. பச்சையோ கபிலமோ ஆனவை ஓய்ந்துபோனவை. காய் முற்றும் காலத்தில் அவ்வாறு காணப்படுவது இயல்பே.

வேரோடு ஒன்றாய்ப் பருத்து, தேய்த்தாலும் கழன்று வராத வீக்கங்கள் வேரைத் தாக்கும் நுண்ணிய வட்டப்புழுவின் வேலையாகும். அவற்றை முடிச்சென எண்ணி மகிழ வேண்டாம்.

முடிச்சுகள் சிவந்திருக்கையில் யூரியாவை அள்ளியிட்டால், செடி பற்றீரியாவுக்குச் சீனி கொடுப்பதைக் குறைத்துவிடும். மிஞ்சும் நைதரசன், சுண்ணாம்புக்கல் வழியே நைத்திரேற்றாக இறங்கி நம் கிணறுகளையே சேரும் என்பது யாழ்ப்பாணத்தில் புதிய செய்தியன்று.

முடிச்சே இல்லையெனில், அடுத்த போகத்தில் அப்பயிருக்குரிய றைசோபியக் கலவையை நிழலில் வைத்து விதையில் பூசி, அன்றே ஈரமண்ணில் விதைக்கலாம். பூஞ்சணக்கொல்லி பூசிய விதையில் பற்றீரியா பிழைப்பது கடினம்.