முற்றத்தில் ஒரு பன்னீர் ரோஜா: குச்சி வைப்பதிலிருந்து குல்கந்து வரை

நர்சரிக்குப் போய் "நல்ல வாசனை வர்ற ரோஜா வேணும்" என்று கேட்டால், பெரும்பாலும் பெரிய மொட்டு வைத்த ஒரு ஒட்டுச் செடியைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். பூ கண்ணுக்கு அழகாக இருக்கும், ஒரு வாரம் வாடாமலும் நிற்கும். ஆனால் முகர்ந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. எரு போதவில்லையோ, மண் சரியில்லையோ என்று நாம் அப்புறம் தேட ஆரம்பிக்கிறோம்.

ரோஜாவின் மணம் ரகத்தில் இருக்கிறது. மணமில்லாத ரகத்துக்கு எந்தப் புண்ணாக்கு போட்டாலும் மணம் வராது. அதனால் செடியைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி வேலை முடிந்துவிடும். மீதி வேலை, பூவை நிறையப் பூக்க வைப்பதும் சரியான நேரத்தில் பறிப்பதும்தான். வீட்டு முற்றத்தில் முதன்முதலாக ரோஜா வைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒரே செடிதான்: பன்னீர் ரோஜா.

ஏன் இந்த ரோஜா?

1867-இல் பிரான்சில் அறிமுகமான 'லா பிரான்ஸ்' என்ற ரோஜாவைத்தான் எல்லைக்கோடாக வைக்கிறார்கள். அதற்கு முன்பே இருந்த வகைகளைச் சேர்ந்தவை பழைய ரோஜாக்கள், பின்னால் வந்தவை புதியவை. புதியவற்றில் நீளமான காம்பு, கூரான மொட்டு, ஜாடியில் பல நாள் தாங்கும் தன்மை எல்லாம் பார்த்துப் பார்த்துச் சேர்த்தார்கள். அந்த ஓட்டத்தில் பல ரகங்களில் மணம் போய்விட்டது. 2015-இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் இதற்கு ஒரு காரணத்தையும் கண்டுபிடித்தார்கள். ரோஜா மணத்தின் முக்கியப் பொருட்களில் ஒன்றான ஜெரானியாலை உண்டாக்க உதவும் ஒரு மரபணு, மணமுள்ள ரகத்தின் இதழ்களில் நன்றாக வேலை செய்கிறது. மணம் குறைந்த ரகத்தில் அது ஏறக்குறைய வேலையே செய்வதில்லை. உரத்தால் இதை மாற்ற முடியாது.

நம் ஊர்ப் பக்கம் பன்னீர் ரோஜா என்று பரவலாக வளர்வது, தோட்டக்கலைப் புத்தகங்களில் எட்வர்ட் ரோஸ் என்று இருக்கும் செடி. இதன் பூர்வீகம் இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவோடு பிணைந்தது. அந்தத் தீவுக்கு அப்போது பூர்போன் என்று பெயர். அங்கே நிலத்துக்கு வேலியாக டமாஸ்க் ரோஜாவையும் சீன ரோஜாவையும் சேர்த்து வளர்த்தார்கள். இரண்டும் தானாகக் கலந்து ஒரு புதுச் செடி பிறந்தது. 1817-இல் தீவுக்கு வந்த பிரெயோன் என்ற தாவரவியலாளர் அதைக் கவனித்து பாரிசுக்கு அனுப்பினார். பூர்போன் ரோஜாக்கள் என்ற குடும்பமே அப்படித்தான் உருவானது.

இந்தக் கதை நமக்கு எதற்கு என்றால், செடியின் குணம் இதிலேயே இருக்கிறது. டமாஸ்க் பக்கத்திலிருந்து மணம் வந்தது. சீன ரோஜா பக்கத்திலிருந்து வருஷம் முழுக்கப் பூக்கும் குணம் வந்தது. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் அத்தருக்காக வளர்க்கும் சுத்தமான டமாஸ்க் ரோஜா, குளிர் முடிந்து பங்குனி வாக்கில் ஒரு பருவம் பூப்பதோடு சரி. நம் சமவெளி வெயிலுக்கு அது தோதான செடி இல்லை. பன்னீர் ரோஜா திண்டுக்கல், நிலக்கோட்டைப் பக்கம் வயலிலேயே விளைகிறது என்றால் வீட்டு முற்றத்திலும் விளையும்.

செடியை அடையாளம் காண்பது

பெயர்ச் சீட்டை நம்ப வேண்டாம். பூத்திருக்கும் செடியைக் காலை நேரத்தில் போய் முகர்ந்து பாருங்கள். நல்ல ரோஸ் நிறம், மெல்லிய மிருதுவான இதழ்கள், கொத்தாக வரும் மொட்டுகள், காம்பு முழுக்க முள். காலையில் விரிந்த பூவைச் சாயங்காலம் லேசாகத் தட்டினால் இதழ் கொட்டும். கடையில் இதைக் குறையாகச் சொல்வார்கள். மாலைக்கும் குல்கந்துக்கும் இதழ்தானே வேண்டும், அதனால் எனக்கு இது குறையாகத் தெரியவில்லை.

இன்னும் நல்ல வழி, தெரிந்தவர் வீட்டில் நன்றாகப் பூக்கும் செடியிலிருந்து குச்சி கேட்டு வாங்குவது. பன்னீர் ரோஜா குச்சியிலிருந்தே வேர் விடும், ஒட்டுக் கட்டத் தேவையில்லை. ஒட்டுச் செடி என்றால் காட்டு ரோஜாவின் வேரில் நல்ல ரகத்தை ஒட்டி வளர்த்தது; அதில் அடியிலிருந்து காட்டு ரோஜாவின் கிளை முளைத்து, மேலே இருக்கும் நல்ல ரகத்தை அமுக்கிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. குச்சியில் வந்த செடிக்கு வேர், தண்டு எல்லாமே பன்னீர் ரோஜாதான். மேலே முழுக்கக் காய்ந்துபோனாலும் அடியிலிருந்து துளிர்ப்பது அதே செடியாக இருக்கும்.

குச்சி வைப்பது

ஐப்பசியிலிருந்து தை வரை நல்ல காலம். சித்திரை வெயிலில் வைத்தால் வேர் விடுவதற்குள் காய்ந்துவிடும்.

பூத்து முடிந்த கிளையாகப் பாருங்கள். பென்சில் தடிமன் இருக்க வேண்டும். பச்சைத் தளிரும் வேண்டாம், பழுப்பேறிய முற்றிய கட்டையும் வேண்டாம். 6 முதல் 8 அங்குல நீளம், குறைந்தது நான்கு கணு. அடிப்பக்கத்தைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டுங்கள். மேல்பக்கத்தைக் கணுவுக்குக் கால் அங்குலம் மேலே வெட்டுங்கள். மேலே ஓரிரண்டு இலையை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடலாம்.

பாதி ஆற்று மணல், பாதி தென்னை நார்க்கழிவு கலந்த கலவை போதும். எரு இப்போது வேண்டாம், வெட்டிய இடம் அழுகும். வேர் பிடிக்க உதவும் பொடி உரக்கடையில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் கற்றாழைச் சோற்றில் ஒரு முறை தோய்த்து வைப்பவர்கள் உண்டு. முதலில் ஒரு குச்சியால் துளை போட்டுவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டு, சுற்றிலும் விரலால் அழுத்துங்கள். அடிப்பாகம் வெட்டிய தண்ணீர் பாட்டிலை மேலே கவிழ்த்து, நேர் வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வைத்துவிடுங்கள்.

இனிமேல்தான் பொறுமை வேண்டும். பத்துப் பதினைந்து நாளில் துளிர் வரும். துளிர் வந்துவிட்டதே என்று பிடுங்கி நடாதீர்கள். அந்தத் துளிர் குச்சியில் ஏற்கெனவே இருக்கும் சத்தை எடுத்துக்கொண்டு வருவது. வேர் அப்போது இருக்கவே இருக்காது. முதல் துளிர் கருகாமல் நின்று, அடுத்த செட் இலை விரிந்தால்தான் கீழே வேர் வேலை செய்கிறது என்று அர்த்தம். இரண்டு மாதம் வரை அசைக்காமல் விடுங்கள். ஒரு செடி வேண்டும் என்றால் ஐந்தாறு குச்சியாக வையுங்கள், எல்லாமே பிழைக்காது.

குழியும் மண்ணும்

இடம் தேர்வில் சமரசம் கூடாது. குறைந்தது ஆறு மணி நேர வெயில் வேண்டும், அதுவும் காலை வெயிலாக இருந்தால் நல்லது. வேப்பமரத்தடி, மாமரத்தடி நிழலில் செடி உயரமாக வளரும், பூ வராது. செடி ஐந்தடி உயரம் போகும், முள் வேறு. நடைபாதையை ஒட்டி வைக்காமல் இரண்டு மூன்று அடி தள்ளி வையுங்கள்.

45 செ.மீ. நீளம், அகலம், ஆழம் உள்ள குழி வெட்டி ஒரு வாரம் வெயில் காய விடுங்கள். மேல்மண்ணோடு ஒரு கூடை நன்கு மக்கிய சாண எரு, இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு கலந்து நிரப்புங்கள். செம்மண் என்றால் கவலையே இல்லை. கரிசல், களிமண் என்றால் மணல் சேர்த்து, தரைமட்டத்துக்கு அரையடி மேலே மேடாக வைத்து நடுங்கள். ரோஜா வேர் தேங்கிய தண்ணீரில் அழுகிவிடும். மாடியில் வைப்பவர்கள் 15 அங்குல அகல ஆழத்துக்குக் குறையாத தொட்டியோ பையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரைக் காலையில், தூரில் மட்டும் ஊற்றுங்கள். இலை மேல் தெளிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ராத்திரி முழுக்க ஈரமாக இருக்கும் இலையில்தான் கரும்புள்ளி நோய் வரும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் இலை ஓரம் கருகும். அங்கே மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து அவ்வப்போது தாராளமாக விட்டால் வேர்ப்பகுதி உப்பு இறங்கிப் போகும்.

பக்கத்தில் என்ன வைக்கலாம்?

ரோஜாவை மட்டும் தனியாக வரிசையில் நட்டுச் சுற்றிலும் வெறும் மண்ணாக விடுவது எனக்குப் பிடிக்காது. மண் சூடேறும், களையும் வரும். இரண்டடி தள்ளி மரிக்கொழுந்து, திருநீற்றுப்பச்சிலை, துளசி வையுங்கள். துலுக்கச் சாமந்தியை அவசியம் சேருங்கள். அதன் வேரிலிருந்து வரும் பொருள், ரோஜா வேரில் முடிச்சுப் போடும் நூற்புழுக்களைக் குறைக்கும். ரோஜாவின் நிழல் விழும் பக்கம் கனகாம்பரம் நன்றாக வரும். தூரிலிருந்து ஓரடி வட்டத்துக்குள் மட்டும் எதையும் நடாமல், காய்ந்த இலைச் சருகால் மூடி வையுங்கள்.

கவாத்து

புதிதாக வளர்ப்பவர்கள் தயங்கும் இடம் இது. பூக்கும் செடியை வெட்ட மனசு வராது. ஆனால் பன்னீர் ரோஜா புதுத் துளிரில்தான் பூக்கும். வெட்டாத செடி குச்சி குச்சியாக ஓடி, உச்சியில் இரண்டு பூ வைத்துக்கொண்டு நிற்கும்.

முதல் வருஷம் பெரிதாக வெட்டாதீர்கள், செடி தூர் கட்டட்டும். இரண்டாம் வருஷத்திலிருந்து வருஷத்துக்கு ஒரு பெரிய கவாத்து. மதுரை, திண்டுக்கல், சேலம், கோவை மாதிரி உள்மாவட்டங்களில் அக்டோபரில் செய்யலாம். சென்னை, கடலூர், நாகை போன்ற கடலோரத்தில் வடகிழக்கு மழையின் வேகம் அடங்கும் வரை, டிசம்பர் வாக்கில் வரைக்கும், காத்திருப்பது நல்லது. வெட்டிய இடத்தில் தொடர்ந்து மழை விழுந்தால் நுனியிலிருந்து கருகிக்கொண்டே இறங்கும்.

காய்ந்த கிளை, நோய் வந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, இவற்றை முதலில் அடியோடு எடுத்துவிடுங்கள். மீதியைப் பாதி உயரத்துக்குக் குறையுங்கள். வெட்டு, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக இருக்க வேண்டும். அப்போதுதான் புதுக்கிளை வெளியே விரிந்து, நடுவில் காற்றும் வெளிச்சமும் நுழையும். வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைத் தடுப்புப் பசை) தடவுங்கள், கைவசம் இல்லை என்றால் மஞ்சள்தூளைக் குழைத்துப் பூசலாம். ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் செடி முழுக்க மொட்டு வரும்.

இது தவிர, பூத்து முடிந்த கொத்தை அவ்வப்போது, ஐந்து சிற்றிலை உள்ள முதல் இலை வரை வெட்டிக்கொண்டே வாருங்கள். அடுத்த சுற்றுப் பூ சீக்கிரம் வரும்.

எரு, பூச்சி

கவாத்து முடிந்ததும் தூரைச் சுற்றி மண்ணைக் கொத்தி அரைக்கூடை மக்கிய எரு. அப்புறம் மாதம் ஒரு முறை, மூன்று நாள் ஊறிப் புளித்த கடலைப் புண்ணாக்கைப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றினால் போதும். பஞ்சகவ்யா கிடைத்தால் லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளியுங்கள். முட்டை ஓடு, வாழைப்பழத் தோல் எல்லாம் நேரடியாகத் தூரில் போடுவதைவிட மக்குக் குழியில் போடுவதே சரி. யூரியா வேண்டவே வேண்டாம். இலை தழைக்கும், அசுவினி அதைத் தேடி வரும், பூ பின்னுக்குப் போகும்.

அசுவினி, இலைப்பேன், மாவுப்பூச்சிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய ஒரு சொட்டு சோப்பு, சாயங்காலத் தெளிப்பு. கோடையில் இலை அடியில் வலை பின்னும் சிவப்புச் சிலந்திக்குத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும், அதைக் காலையில் செய்யுங்கள். மார்கழி, தை மாதக் குளிர் இரவுகளில் இளம் இலை மேல் மாவு பூத்த மாதிரி சாம்பல் நோய் வரும். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து வாரம் ஒரு முறை தெளித்தால் கட்டுப்படும். கரும்புள்ளி வந்து உதிர்ந்த இலைகளைக் கூட்டி எடுத்துவிடுங்கள். மருந்தைவிட அந்தச் சுத்தம் முக்கியம்.

பறிக்கும் நேரம்

மணத்துக்காகத்தானே இவ்வளவும். பூ விரிந்து வரும் விடியற்காலையில் இதழில் வாசனை எண்ணெய் நிறைந்திருக்கும். வெயில் ஏற ஏற அது காற்றோடு போய்விடும். அத்தர் வடிக்கும் ஊர்களில் எல்லாம் வெயில் ஏறுவதற்குள் பறித்து முடித்துவிடுவது இதனால்தான். பாதி விரிந்த பூவாக, எட்டு மணிக்கு முன்னால் பறியுங்கள். சித்திரை, வைகாசியில் பூ சிறுத்து மணமும் குறையும். செடிக்கு நோய் இல்லை, வெயில்தான் காரணம். அந்த மாதங்களில் தூரைச் சுற்றிய சருகு மூடாக்கையும் தண்ணீரையும் கவனித்தால் போதும்.

பூ சேர ஆரம்பித்தால் குல்கந்து போடுங்கள். மருந்து எதுவும் தெளிக்காத செடியின் இதழாக இருக்க வேண்டும், வேப்பெண்ணெய் அடித்திருந்தால்கூட அடுத்த சுற்றுப் பூ வரும் வரை பொறுங்கள். இதழைக் கழுவி, நிழலில் ஈரம் போக உலர்த்துங்கள். எடைக்கு எடை சர்க்கரையோ கற்கண்டுப் பொடியோ எடுத்து, துளியும் ஈரமில்லாத கண்ணாடி ஜாடியில் ஓர் அடுக்கு இதழ், ஓர் அடுக்கு சர்க்கரை என்று அழுத்தி நிரப்புங்கள். மூடி, தினமும் வெயிலில் வைத்து எடுங்கள். இரண்டு நாளைக்கு ஒரு முறை காய்ந்த கரண்டியால் கிளறிவிடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் சர்க்கரை கரைந்து, இதழ் கருஞ்சிவப்பாகக் குழைந்து வரும். அப்போது எடுத்துச் சாப்பிடலாம்.