மாமன்ற உறுப்பினரின் உதவியாளராகச் சேர்பவர்களுக்கு

பெருநகர சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளுக்கு 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக உறுப்பினர்களே இல்லாமல் தனி அலுவலரின் பொறுப்பில் இருந்த மாமன்றம் மீண்டும் கூடியது. புதிதாக வந்த உறுப்பினர்களில் பலருக்கு மன்ற அனுபவம் இல்லை. அவர்களுக்கு உதவியாக உட்கார்ந்தவர்களுக்கும் இல்லை. அப்படி ஒரு வார்டு அலுவலகத்தில் உட்கார்ந்தவன் என்ற முறையில், இந்த வேலைக்கு வருபவர்கள் முதல் நாளிலேயே அறிந்திருக்க வேண்டியவை என்று நான் கருதுவதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சம்பளத்தைப் பேசிவிட வேண்டும். மாமன்ற உறுப்பினரின் உதவியாளர் என்பது மாநகராட்சியின் பணியிடப் பட்டியலில் உள்ள பதவி அன்று. உறுப்பினருக்கே 2023 முதல்தான் மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் கிடைக்கிறது என்பதால், உங்களுக்குத் தரப்படுவது அவருடைய சொந்தப் பணமாகவே இருக்கும். உறவுக்காரப் பையன், கட்சித் தம்பி என்று தொடங்கும் ஏற்பாடுகளில் இந்தப் பேச்சைத் தள்ளிப்போடுவது வழக்கம். மாதத்துக்கு இவ்வளவு, பெட்ரோலுக்கு இவ்வளவு என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ளாத உதவியாளர், ஆறு மாதத்தில் மனு கொண்டுவருபவர்களிடம் கை நீட்டும் நிலைக்குத் தள்ளப்படுவார்.

அடுத்ததாக, எந்தக் குறை எந்த அலுவலகத்துக்கு உரியது என்பதைப் படிக்க வேண்டும். இந்த வேலையில் பாதி இதுதான் என்று சொன்னால் மிகையாகாது. உட்புறச் சாலை, தெருவிளக்கு, குப்பை, மழைநீர் வடிகால், பூங்கா, சொத்து வரி, பிறப்பு இறப்புச் சான்றிதழ் ஆகியவை மாநகராட்சிக்கு உரியவை. குடிநீரும் கழிவுநீரும் 1978இல் தொடங்கப்பட்ட சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியத்துக்கு, அதாவது மக்கள் சொல்லும் மெட்ரோ வாட்டருக்கு உரியவை. பட்டாவுக்கு வட்டாட்சியர், குடும்ப அட்டைக்கு உணவுப் பொருள் வழங்கல் துறை, மின்தடைக்கு மின்வாரியம் என்று மற்றவை பிரிந்துகிடக்கின்றன. பெரிய சாலைகளில் சில மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருப்பதால், ஒரே சந்திப்பின் இரு பக்கங்களுக்கும் வெவ்வேறு பொறியாளர்கள் பொறுப்பாக இருப்பதும் உண்டு.

இதில் நம் மொழியே ஒரு குழியைத் தோண்டி வைத்திருக்கிறது. தெருவில் தேங்கும் கறுப்பு நீர் எதையும் நாம் சாக்கடை என்றுதான் சொல்கிறோம். அலுவலகங்களுக்கோ மழைநீர் வடிகால் வேறு, கழிவுநீர்க் குழாய் வேறு. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில், ஒரு தெருவின் குடியிருப்பாளர்கள் கொண்டுவந்த ‘சாக்கடை நிரம்பி வழிகிறது’ என்ற மனுவை அப்படியே மாநகராட்சியின் மண்டல அலுவலகத்துக்கு அனுப்பினேன். பதினோரு நாள் கழித்து ‘இவ்வலுவலகம் தொடர்புடையதன்று’ என்ற குறிப்புடன் அது திரும்பி வந்தது. பிறகு மெட்ரோ வாட்டர் டிப்போவுக்குச் சென்றேன். அங்கிருந்து வந்த பணியாளர் தங்கள் ஆள்நுழைவுக் குழியின் மூடியைக் கம்பியால் நெம்பித் திறந்து, உள்ளே நீர் தடையின்றி ஓடுவதைக் காட்டினார்; வழிந்தது பக்கத்தில் இருந்த மழைநீர் வடிகால். அதற்குள் ஒரு சிற்றுண்டிக் கடையின் சமையலறைக் குழாய் அனுமதியின்றி இணைக்கப்பட்டு, வடை எண்ணெய் உறைந்து அடைத்திருந்தது. இரு துறைப் பொறியாளர்களும் ஒரே நாளில் ஒரே இடத்தில் நின்று கூட்டாய்வு செய்த பிறகுதான் அந்த இணைப்பு துண்டிக்கப்பட்டது. அன்றிலிருந்து, நேரில் சென்று மூடியைப் பார்க்காமல் ‘சாக்கடை’ என்ற சொல்லை எந்தக் கடிதத்திலும் நான் எழுதியதில்லை.

மனு எழுதுவதிலும் ஒரு முறை உண்டு. குறையைச் சொல்ல வருபவர் கோபத்தோடும் முன்கதையோடும் சொல்வார். அதைப் பொறுமையாகக் கேட்கத்தான் வேண்டும், ஆனால் கடிதத்தில் அதற்கு இடமில்லை. இடம், குறை, எப்போது முதல், கேட்கும் நடவடிக்கை, முன்பு கொடுத்த புகாரின் எண் ஆகிய ஐந்தும் அரைப் பக்கத்துக்குள் அடங்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ‘மேற்படி தெருவின் இரண்டாவது வளைவில், கம்பத்தில் குறிக்கப்பட்டுள்ள எண்ணைக் கொண்ட தெருவிளக்கு கடந்த 3ஆம் தேதி முதல் எரியவில்லை, மகளிர் விடுதியின் வாயில் அதன் கீழ் இருப்பதால் உடன் சரிசெய்து, எடுத்த நடவடிக்கையைத் தெரிவிக்க வேண்டுகிறேன்’ என்று எழுதினால் உதவிப் பொறியாளர் எங்கே போய் நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ‘ஆவன செய்யுமாறு’ என்று முடியும் கடிதத்துக்கு ஆவன எதுவும் நடப்பதில்லை. கடிதம் கொடுப்பதற்கு முன்பே 1913 என்ற மாநகராட்சிப் புகார்த் தொலைபேசி எண்ணில் புகாரைப் பதிந்து அதன் எண்ணை வாங்கிவிடுவது நல்லது. மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகை திறக்கப்பட்ட ஆண்டும் 1913 என்பதால் அந்த எண் மறக்காது.

கடிதத்தைக் கொடுத்தவுடன் வேலை முடிந்ததாக எண்ணக் கூடாது. நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி, ஒரு கட்டைப் பேரேட்டில் வரிசை எண்ணிட்டு, மனுதாரரின் தொலைபேசி எண்ணுடன், மறுபடி கேட்க வேண்டிய தேதியையும் எழுதிவைக்க வேண்டும். கைப்பேசிச் செயலிகள் இருக்கும்போது பேரேடு எதற்கு என்று கேட்பார்கள். வாட்ஸாப்பில் வந்த ஒளிப்படம் இருநூறு காலை வணக்கங்களுக்குக் கீழே புதைந்துவிடும் என்பதே என் பதில். நடக்காத காரியத்தை நடக்காது என்று மனுதாரரிடம் சொல்லும் தைரியமும் வேண்டும். வட்டாட்சியரிடம் போக வேண்டியவரை மூன்று வாரம் வார்டு அலுவலகத்துக்கு நடக்கவிடுவதைவிட, அந்த அலுவலகத்துக்குரிய மனுவை எழுதிக் கொடுத்து அன்றே அனுப்புவது மேல்.

மாமன்றக் கூட்டத்துக்கு முந்தைய நாட்கள்தான் உதவியாளர் தம் படிப்பைக் காட்ட வேண்டிய நாட்கள். கூட்டப் பொருள்களின் கட்டு வந்ததும் முழுவதையும் படிக்க முயன்றால் தலை சுற்றும். முதலில் உங்கள் வார்டின் எண் வரும் பொருள்களையும், பிறகு நகரம் முழுவதையும் பாதிக்கும் வரி, கட்டணம், குப்பை ஒப்பந்தம் போன்றவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் என்ன கேட்கப்படுகிறது, எவ்வளவு தொகை, எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து செலவு, இதற்கு முன் இதே பணிக்குத் தீர்மானம் உண்டா என்று நான்கு வரி எழுதி உறுப்பினரிடம் கொடுத்தால் போதும். பல பொருள்கள் ஒரே மூச்சில் நிறைவேறிவிடும் என்பதால், எதிர்க்க வேண்டியதையோ திருத்தம் கேட்க வேண்டியதையோ தாளின் ஓரத்தில் சிவப்பு மையால் குறித்திருக்க வேண்டும்.

கேள்வி நேரத்துக்கான வினாக்களை எழுத்து வடிவில் முன்கூட்டியே அளிக்க வேண்டும். அதற்கான இறுதி நாளை மன்றச் செயலர் அலுவலகத்தில் கேட்டு நாள்காட்டியில் எழுதிவிடுங்கள். வினா என்பது பேச்சு அன்று. ‘எங்கள் வார்டில் பூங்கா இல்லை, மக்கள் அவதிப்படுகிறார்கள்’ என்பதற்கு ‘பரிசீலிக்கப்படும்’ என்ற விடைதான் வரும். ‘இந்த வார்டில் திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலங்கள் எத்தனை, அவற்றில் வேலி இடப்பட்டவை எத்தனை, ஆக்கிரமிப்பில் உள்ளவை எத்தனை’ என்று கேட்டால் எண்களோடு விடை சொல்லியாக வேண்டும். அந்த எண்களை வைத்து அடுத்த கூட்டத்தில் நேரமில்லா நேரத்தில் (ஜீரோ அவரில்) பேசலாம். பேச்சுக் குறிப்பை இரண்டு நிமிடத்துக்கு மேல் எழுதாதீர்கள். மேயர் மணி அடித்துவிட்டால் கடைசிப் பக்கத்தில் வைத்த கோரிக்கை வெளியே வராமலே போய்விடும்.

சட்டப் பிரிவுகளைக் குறிப்பிடும்போது கவனம் தேவை. 1919ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டம் இப்போது நடைமுறையில் இல்லை. தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998, அதன் 2023ஆம் ஆண்டு விதிகளோடு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய கோப்பிலிருந்து பத்தியை நகலெடுத்து ஒட்டுபவர்கள் ரத்தான சட்டத்தின் பிரிவையும் சேர்த்தே ஒட்டிவிடுகிறார்கள்.

வார்டு மேம்பாட்டு நிதிக்கு வருவோம். 2025-26 வரவு-செலவுத் திட்டத்தில் இது ஒரு வார்டுக்கு 50 லட்சத்திலிருந்து 60 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. இந்தப் பணம் உறுப்பினரின் கைக்கு வருவதில்லை. அவர் பணியைப் பரிந்துரைக்க, பொறியாளர் மதிப்பீடு தயாரித்து, அனுமதி பெற்று, ஒப்பந்தப்புள்ளி கோரிப் பணி ஆணை வழங்குகிறார். ஒவ்வொரு படியிலும் கோப்பு ஒரு மேசையில் படுத்துவிடக் கூடும் என்பதால், நிதியாண்டின் தொடக்கத்திலேயே பரிந்துரைக் கடிதங்களைக் கொடுத்துவிட்டு, இப்போது கோப்பு யாரிடம் உள்ளது என்று வாரம் ஒருமுறை கேட்க வேண்டும். சாலையைப் பரிந்துரைக்கும் முன், அந்தத் தெருவில் குழாயோ கேபிளோ பதிக்கும் திட்டம் இருக்கிறதா என்று மெட்ரோ வாட்டரிலும் மின்வாரியத்திலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள். புதுச் சாலை போட்ட மறுமாதமே தோண்டப்பட்டால், தெருவில் திட்டு வாங்குபவர் உங்கள் உறுப்பினர்தான். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும் என்பதால், தூர்வாரும் பணிகளின் பட்டியல் ஜூலைக்குள் பொறியாளரின் மேசையில் இருப்பது நல்லது.

எதைச் செய்யக் கூடாது என்பதும் இந்த வேலையின் பகுதிதான். வெற்று லெட்டர்பேடில் உறுப்பினரின் கையெழுத்தை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் பரவலாக உண்டு. அதை எவ்வளவு வசதியாக இருந்தாலும் ஏற்காதீர்கள். கட்டட அனுமதிக்கும் ஒப்பந்ததாரரின் பில்லுக்கும் தூது போகாதீர்கள். மாநகராட்சி ஒப்பந்தத்தில் பங்கு வைத்திருப்பது உறுப்பினரின் பதவியையே பறித்துவிடும். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் 50 விழுக்காடு இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தும், பெண் உறுப்பினரின் கணவரோ அண்ணனோ பொறியாளர்களை வரவழைத்துப் பேசுவதைப் பல வார்டுகளில் காணலாம். அப்படிப்பட்ட அலுவலகத்தில் சேர்ந்தால், கோப்பையும் பேச்சுக் குறிப்பையும் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த அம்மாவின் கையிலேயே நேரடியாகக் கொடுங்கள். ஐயம் கேட்பதும் அவரிடமே இருக்கட்டும். நான் பார்த்த ஒரு வார்டில் இரண்டாவது ஆண்டிலேயே பொறியாளர்கள் தாமாகவே அவரைத் தொலைபேசியில் அழைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

மாமன்றத்தின் பதவிக்காலம் ஐந்து ஆண்டு. அது முடியும் மாதத்தில் பேரேட்டைப் பரணில் போடாமல், முடிவு தெரியாத மனுக்களையும், அனுமதி கிடைத்தும் பணி தொடங்காத தெருக்களையும் தனித் தாளில் புகார் எண்ணோடு எழுதி, நகலை மண்டல அலுவலகத்தில் முத்திரை வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அடுத்து வருபவர் வேறு கட்சியைச் சேர்ந்தவராக இருக்கலாம். அந்தத் தாளில் இருக்கும் தெருக்கள் அதே வார்டில்தான் இருக்கும்.