இணையத்தில் மனநலம் பேச விரும்பும் பாலே கலைஞருக்குச் சில வழிமுறைகள்

பயிற்சிக் காணொளிகளின் வழியாக ஓரளவு பார்வையாளர்களைச் சேர்த்துவிட்ட கோலாலம்பூர் பாலே கலைஞர் ஒருவர், தாம் அனுபவித்த மனச்சோர்வையோ உணவு தொடர்பான துன்பத்தையோ பற்றிப் பேச முன்வருவது வரவேற்கத்தக்கது. ஆனால் முதல் காணொளியைப் பதிவு செய்வதற்கு முன்பே தமக்கென ஓர் ஆலோசகரை அவர் தேடிக்கொள்ள வேண்டும். மலேசியாவில் 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி பதிவு பெற்றவரே ஆலோசகராகப் பணியாற்ற முடியும் என்பதால், பதிவையும் பணிச் சான்றையும் கேட்டறியத் தயங்க வேண்டாம். செலவு தடையாக இருந்தால், குடிமக்களிடம் 1 வெள்ளி (ரிங்கிட்) மட்டுமே பெறும் அரசு சுகாதார கிளினிக்கில் தொடங்கலாம். இன்னும் அன்றாடம் அழவைக்கும் ஒன்றைப் பற்றிப் பேசாதீர்கள்; அது ஆலோசகரின் அறைக்கு உரியது.

அடுத்து, எதைச் சொல்வது என்பதில் மிகுந்த கவனம் தேவை. பாலே வகுப்பில் பிள்ளைகள் உடலோடு ஒட்டிய உடையில் கண்ணாடியின் முன் மணிக்கணக்கில் நிற்கிறார்கள். அப்படி நிற்கும் 14 வயதுச் சிறுமி உங்கள் காணொளியைப் பார்க்கும்போது, நீங்கள் குறிப்பிடும் எடையையும், ஒரு நாளில் உண்ட அளவையும், மெலிந்திருந்த காலத்துப் படத்தையும் எட்ட வேண்டிய இலக்காக எடுத்துக்கொள்ளக்கூடும். ஆகவே எண்களையும் படங்களையும் அறவே விட்டுவிட்டு, விளைவுகளை விளக்குங்கள். பயிற்சியில் செலவாகும் ஆற்றலுக்கு ஈடாக உண்ணாவிட்டால் மாதவிடாய் நிற்கலாம், எலும்பு வலுவிழக்கலாம், தாவி இறங்கும் பாதத்தில் நுண்ணிய முறிவு ஏற்படலாம், மனமும் தளரலாம். அனைத்துலக ஒலிம்பிக் குழு 2014-இல் இந்நிலைக்கு ரெட்-எஸ் (விளையாட்டில் ஏற்படும் ஆற்றல் பற்றாக்குறை) என்று பெயரிட்டது. நடனக் கலைஞர்களுக்கும் அது முற்றிலும் பொருந்தும்.

நிறத்தைப் பற்றியும் பேசுங்கள். பாலேயின் இளஞ்சிவப்புக் காலுறையும் காலணியும் வெள்ளைத் தோலை மனத்தில் வைத்து உருவானவை. கருநிறக் கலைஞர்கள் நெடுங்காலம் தங்கள் காலணிகளுக்குத் தாங்களே நிறம் பூசி வந்தார்கள். லண்டனின் ஃப்ரீட் காலணி நிறுவனம், கறுப்பின, ஆசியக் கலைஞர்களைக் கொண்ட பாலே பிளாக் குழுவுடன் இணைந்து, விரல் நுனியில் நின்று ஆட உதவும் பாயின்ட் காலணிகளைப் பழுப்பு நிறத்தில் வெளியிட்டதே 2018-இல்தான். "வெயிலில் ஆடாதே, கறுத்துவிடுவாய்" என்று உறவினர் சொல்லக் கேட்டு வளர்ந்த நம் பெண்களுக்கு இந்தச் செய்தி தரும் ஆறுதல் சிறிதன்று என்றே நான் கருதுகிறேன். "பரதம் இருக்க பாலே எதற்கு?" என்ற கேள்வி வந்தால், பாலேயும் ஒடிசியும் பயின்று 1983-இல் சூத்ரா நடனக் குழுவை நிறுவிய கலைஞர் ராம்லி இப்ராஹிம் இதே நகரில் ஆடி வருவதை நினைவூட்டலாம்.

தற்கொலையைப் பற்றிப் பேச நேர்ந்தால் முறையையும் இடத்தையும் சொல்லாதீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் ஊடகத்தாருக்கு வகுத்த நெறியும் இதுவே. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவை 2023-இல் நாடாளுமன்றம் நீக்கியதைத் தெளிவாகச் சொல்லுங்கள். போலீசுக்கு அஞ்சி மருத்துவமனைக்குப் போகத் தயங்கும் குடும்பங்களுக்கு இது தெரிந்தாக வேண்டும். மனத்துயரில் இருப்போரிடம் பேச 24 மணி நேரமும் இயங்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929, சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொடர்பான ஹீல் எண் 15555 ஆகியவற்றை ஒவ்வொரு பதிவிலும் சேர்த்துவிடுங்கள்.

இவற்றையெல்லாம்விடக் கடினமானது, நள்ளிரவில் வரும் தனிச்செய்தி. "அக்கா, எனக்கு வாழவே பிடிக்கவில்லை" என்று எழுதும் பிள்ளைக்கு என்ன பதில் எழுதுவது என்பதை உங்கள் ஆலோசகரோடு அமர்ந்து முன்கூட்டியே தயாரித்து வையுங்கள். "சொன்னது நல்லதும்மா. நான் ஆலோசகர் இல்லை. இப்போதே இந்த எண்ணில் பேசு, வீட்டில் நீ நம்பும் பெரியவரை எழுப்பு" என்ற அளவில் அது இருக்கலாம். உடனடி ஆபத்து தெரிந்தால் 999. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

உடல் மெலியவைக்கும் தேநீர், மாத்திரை போன்றவற்றின் விளம்பரங்களை, எவ்வளவு பணம் தந்தாலும் மறுத்துவிடுங்கள். ஏற்கும் விளம்பரங்களின் வருமானத்துக்கு வரிக் கணக்கு வைத்திருங்கள். மாணவர்களின் துயரத்தைப் பெயரை மாற்றிக்கூடச் சொல்ல வேண்டாம், ஏனெனில் ஒரே வகுப்பில் படிப்பவர்கள் யாரென்று எளிதில் கண்டுகொள்வார்கள். மேடை நிகழ்ச்சி நெருங்கும் வாரங்களில் கணக்கின் பொறுப்பை நம்பகமான ஒருவரிடம் ஒப்படைத்து, அந்தத் தயார்நிலைப் பதிலையும் அவர் கையில் கொடுத்துவிட்டு ஒத்திகைக்குச் செல்லுங்கள்.