வானத்துக்கும் தடைக்காலம் உண்டு: சூப்பர்நோவா சிமுலேஷனில் செய்யக்கூடாதவை

போன வாரம் ஒரு மாணவர் தன் சூப்பர்நோவா சிமுலேஷனை அனுப்பியிருந்தார். வெடித்துச் சிதறும் விண்மீனின் வெளிச்சம் நாளுக்கு நாள் ஏறி இறங்குவதையும், தொலைநோக்கி அதைப் பார்ப்பதையும் கணினியில் போலியாக உண்டாக்குவதுதான் அது. மூன்று நாளுக்கு ஒரு வெளிச்ச அளவுப் புள்ளி, கோலத்துக்கு வைத்த மாதிரி அவ்வளவு ஒழுங்கு. முதல் வருடம் இதையே செய்து நானும் இரண்டு மாதத்தைத் தொலைத்தேன். நிரலில் வரும் சில்லறைப் பிழைகளைக் கணினியே சொல்லிவிடும், அவற்றை விடுகிறேன்.

சீரான இடைவெளி

தொலைநோக்கி மூன்று நாளுக்கு ஒருமுறை தவறாமல் அதே இடத்தைப் படம் எடுக்கும் என்று மண்டபம் ஊரில் இருக்கும் சித்தப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். விசைப்படகு வைத்திருப்பவர். "அங்க காத்து மழை கிடையாதா? தடைக்காலம் கிடையாதா?" என்றார்.

எல்லாம் உண்டு. பௌர்ணமியை ஒட்டி வானம் வெளுத்துவிடும். நீல வடிகட்டியில் மங்கலானவை தெரியாது. சூரியன் அந்தப் பக்கம் வந்தால் மாதக்கணக்கில் பார்க்கவே முடியாது. ஒன்றாம் ஏ (Ia) வகை சூப்பர்நோவா உச்சத்துக்கு ஏற ஏறக்குறைய 18 நாள்தான். இடைவெளியில் வெடித்தால் மிஞ்சுவது இறங்கும் வால் மட்டும். வெளிச்சம் ஏறி இறங்கும் முழு வளைகோடுகளிலேயே பழகிய, சூப்பர்நோவாவை வகை பிரிக்கும் என் நிரல், உண்மைத் தரவில் வாலைக் கண்டதும் உளறியது.

"சரி, மூன்றில் ஒரு இரவைக் குலுக்கிப்போட்டு நீக்கிவிட்டேன்" என்பார்கள். இதைக் கேட்டால்தான் எனக்கு இன்னும் எரிச்சல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடையை வருடம் முழுக்க ஒவ்வொரு நாளாகத் தூவினால் சித்தப்பா கடன் வாங்க வேண்டியிருக்காது. சேர்ந்தாற்போல் வருவதுதான் அடி. மேகமும் நாள்கணக்கில் சேர்ந்தே நிற்கும்.

அதனால் பதிவேட்டை எடுங்கள். சிலியிலுள்ள ரூபின் வான் ஆய்வகத்தின் பத்தாண்டு உத்தேச அட்டவணை பொதுவில் கிடைக்கிறது: நேரம், வடிகட்டி, வானத்தின் வெளிச்சம், காற்றின் நடுக்கம் எல்லாம் வரிவரியாக இருக்கும். உங்கள் சூப்பர்நோவா இருக்கும் இடத்தைக் கேமரா பார்க்கும் வரிகளை மட்டும் பொறுக்கி, அந்தந்த வரிக்குரிய இரைச்சலைச் சேருங்கள். உச்ச நாள் இடைவெளிக்குள்ளும் விழட்டும்.

செம்பெயர்ச்சி

அண்டம் விரிவதால் தூரத்துப் பொருளின் ஒளி சிவப்புப் பக்கம் நீளும் அளவு இது. அது 1 என்றால், வெளிச்சம் ஏறி இறங்கும் நாள்கணக்கு நமக்கு இரட்டிப்பு. மறக்காதீர்கள்.

பால்வீதித் தூசி

இது ஒளியை மங்கவைக்கும்; எவ்வளவு என்பது திசைக்குத் திசை மாறும்.

பிடிபடாதவை

கண்ணில் படாத சூப்பர்நோவாக்களைக் கோப்பிலிருந்து அழித்துவிடுகிறார்கள். ஏலத்துக்கு வந்த மீனை மட்டும் எண்ணினால் வலைக்கண்ணில் நழுவியது எவ்வளவு என்று எப்படித் தெரியும்? உண்டாக்கியது எத்தனை, பிடிபட்டது எத்தனை, இரண்டும் வேண்டும். அந்த மாணவருக்கும் இப்படித்தான் எழுதினேன். ஹார்ட் டிஸ்கில் இடமில்லை என்று பதில் வந்திருக்கிறது.